சம்பளமா, கல்லூரியா: பதினெட்டு வயது ஓட்டக்காரனின் இரண்டு வழிகள்

பாலக்கோட்டில் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் கூட்டம் இரண்டு. ஒன்று, தக்காளி மண்டிக்குக் கூடை ஏற்றிவரும் விவசாயிகள். இன்னொன்று, மாரண்டஅள்ளி ரோட்டில் ஓடும் பையன்கள். அரவைக் காலமென்றால், கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்கு ஒதுங்கி, தாரில் ஒரு கால் மண்ணில் ஒரு கால் என்று ஓடுவார்கள். இவர்களில் பெரும்பாலோரின் கணக்கு எளிமையானது. ராணுவ ஆள்சேர்ப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் ஓட்டத்துக்கான முழு 60 மதிப்பெண் கையில்.

சில வருடங்களுக்கு ஒருமுறை அந்தக் கூட்டத்தில் ஒருவன் வேறு மாதிரி வந்து சேர்வான். மற்றவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும் இடத்தில் அவன் திரும்பி இன்னொரு சுற்று போவான். அதே தூரத்தை நாலரை நிமிடத்தில் முடிக்கும் அந்தப் பையனுக்குத்தான் சிக்கல். ஐந்தரை நிமிடக்காரனுக்கு வழி ஒன்றுதான். இவனுக்கு இரண்டு இருக்கின்றன. இப்படிப்பட்ட வீடுகளில் அப்பாவுக்கும் பி.இ.டி. வாத்தியாருக்கும் நடக்கும் பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"பிளஸ் டூ முடிச்சதும் ஆர்மிக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன் சார். நல்லாத்தானே ஓடறான்?"

"நல்லா ஓடறதாலதாங்க சொல்றேன். மூணு வருஷம் காலேஜ்ல விடுங்க. யுனிவர்சிட்டி மெடல் வாங்கட்டும்."

"மெடல் வாங்கிட்டு வந்து மறுபடியும் ஆர்மிக்குத்தானே சார் போகணும்?"

அப்பாவின் கடைசிக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல முயல்வதற்கு முன், இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிற ஒரு நாட்டைப் பார்த்துவிடலாம்.

2000 டிசம்பரில் அமெரிக்காவின் பள்ளி மாணவர்களுக்கான தேசியக் குறுக்குவெளி ஓட்ட இறுதிப் போட்டி ஆர்லண்டோவில் நடந்தது. முதலிடம் டேதன் ரிட்சன்ஹைன், இரண்டாமிடம் ஆலன் வெப், மூன்றாமிடம் ரையன் ஹால். ஒரே வயது, ஒரே பந்தயம். அடுத்த ஆண்டு மே மாதம் வெப் ஒரு மைலை 3 நிமிடம் 53.43 விநாடிகளில் ஓடி, ஜிம் ரையன் 1965இல் வைத்திருந்த பள்ளிச் சாதனையை உடைத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருடம் படித்தார். 2002இல் நைக்கியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, பள்ளிக்காலப் பயிற்சியாளரிடமே திரும்பிப் போனார். மற்ற இருவரும் கல்லூரியிலேயே இருந்தார்கள். ரிட்சன்ஹைன் கொலராடோவுக்காக 2003இல் கல்லூரிகளின் குறுக்குவெளிப் பட்டத்தையும், ஹால் ஸ்டான்ஃபோர்டுக்காக 2005இல் 5000 மீட்டர் பட்டத்தையும் வென்ற பிறகே காலணி நிறுவனங்களின் பக்கம் போனார்கள்.

யார் சரி? அமெரிக்கர்கள் இருபது வருடமாக இதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெப் 2007இல் ஓடிய 3:46.91 என்ற மைல் நேரம் பதினாறு ஆண்டுகள் அமெரிக்கச் சாதனையாக நின்றது. ஆனால் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ரிட்சன்ஹைன் மூன்று ஒலிம்பிக் போனார், 5000 மீட்டரை 13 நிமிடத்துக்குள் ஓடினார், இடையிடையே காயத்தோடு மல்லுக்கட்டினார். ஹால் அரை மாரத்தானை ஒரு மணி நேரத்துக்குள் முடித்த முதல் அமெரிக்கர். 33 வயதில் உடல் ஓய்ந்து விலகினார். மூன்று பேரின் கால்களும் தேய்ந்தன. கல்லூரி காப்பாற்றியது என்றோ ஒப்பந்தம் கெடுத்தது என்றோ இதைக் கொண்டு யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அங்கே பெற்றோர் "கல்லூரியிலேயே இரு" என்று சொல்வதற்கு உண்மையான காரணம் கால் அல்ல, ஒப்பந்தம். காலணி நிறுவனம் தரும் பணத்தோடு குறைப்பு விதிகளும் சேர்ந்தே வரும். தரவரிசையில் இறங்கினால், குறிப்பிட்ட எண்ணிக்கையில் போட்டிகளில் ஓடாவிட்டால், தொகை வெட்டப்படும். காலில் எலும்பு கீறினால் வருமானமும் கீறும். படிப்புச் செலவு, விடுதி, பயிற்சியாளர், மருத்துவர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் பல்கலைக்கழகம் அவர்களுக்குத் தரை. ஒப்பந்தம் அந்தத் தரையை விட்டுக் குதிப்பது. 2021 ஜூலைக்குப் பிறகு கல்லூரி வீரர்களும் தங்கள் பெயரால் சம்பாதிக்கலாம் என்று விதி மாறியதால் குதிக்கும் அவசரம் குறைந்திருக்கிறது. அதே 2021இல் குதித்தும் நன்றாக வந்தவர் இருக்கிறார்: ஹாப்ஸ் கெஸ்லர். கல்லூரி அணியில் ஓடாமலே அடிடாஸில் சேர்ந்து, பாரிஸ் ஒலிம்பிக் 1500 மீட்டரில் ஐந்தாவதாக வந்தார்.

இந்த அறிவுரையை அப்படியே பாலக்கோட்டுக்குக் கொண்டுவந்தால் தலைகீழாகிவிடும். இங்கே பிளஸ் டூ முடித்த நெடுந்தூர ஓட்டக்காரனிடம் எந்தக் காலணிக் கம்பெனியும் ஒப்பந்தத்தை நீட்டப் போவதில்லை. ஓட்டத்தைப் பிழைப்பாக்குவது என்றால் ராணுவம், ரயில்வே, போலீஸ், வருமான வரித்துறை போன்ற ஏதோ ஒரு துறையின் அணியில் சேர்வது. அந்தச் சம்பளம் தரவரிசையைப் பார்த்து ஏறி இறங்காது. கால் உடைந்தால் மருத்துவ விடுப்பு உண்டு. அதாவது அமெரிக்காவில் எது சூதாட்டமோ அது இங்கே தரை. அங்கே எது தரையோ அது, கல்லூரி, இங்கே சூதாட்டம். பாலக்கோட்டு அப்பா படிப்பின் அருமை தெரியாமல் பேசுகிறார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

புதுக்கோட்டையைப் பாருங்கள். நெடுந்தூர ஓட்டத்தில் தமிழ்நாட்டின் பெயரை நிறுத்திய மாவட்டம் அது. 2016 தெற்காசிய விளையாட்டில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கிய எல். சூர்யா அந்த மண். 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் அதே இரண்டு தூரங்களில் தங்கம் வாங்கிய ஜி. லட்சுமணனும் அந்த மண். அவர் ராணுவ வீரர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் லட்சுமணன் 10000 மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓடுகையில் பாதம் உள்கோட்டைத் தாண்டியது என்று தகுதிநீக்கம் செய்தார்கள். வெண்கலம் கைக்கு வந்து போனது. ஆனால் அடுத்த மாதச் சம்பளம் போகவில்லை.

அதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சவுந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகச் செய்தி வந்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை அதற்கும் பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது. அவருக்கு நடந்தது லட்சுமணனுக்கு நடந்ததைவிடப் பல மடங்கு கொடுமை. இரண்டையும் சமமாக வைக்கவில்லை. ஆனால் விழும்போது கீழே ஒரு துறை இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டு வாழ்க்கைகளில் கண்கூடு.

துறை தரும் இன்னொன்று உண்டு, அது சம்பளத்தைவிடப் பெரியது: அவசரமின்மை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்து விவசாயி மகன் அவினாஷ் சாப்ளே பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மகர் ரெஜிமென்டில் சேர்ந்தார். முதல் சில வருடங்கள் சியாச்சின் பனியிலும் ராஜஸ்தான் வெயிலிலும் சிக்கிமிலும் காவல் பணி. ஓட்டப்பந்தயம் என்று ஆரம்பித்ததே 2015இல், ராணுவத்துக்குள் நடக்கும் குறுக்குவெளி ஓட்டத்தில்தான். அதன் பிறகு 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்துக்கு மாறினார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் கென்ய வீரர் கிபிவோட்டுக்கு வெறும் 0.05 விநாடி பின்னால் வந்து வெள்ளி வாங்கினார். அந்தப் போட்டியில் 1998 முதல் மூன்று பதக்கங்களையும் கென்யர்களே அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவரது சிறந்த நேரமான 8:09.91 வந்தது 2024 ஜூலையில், 29 வயதில். பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை அவரை யாரும் பந்தயத்துக்கு விரட்டவில்லை. நம் ஊர் ஜூனியர் நட்சத்திரங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு சும்மா இருக்கும் காலம் கிடைத்திருக்கிறது?

சாப்ளேயைக் காட்டி "பார்த்தீர்களா, ஆர்மிதான்" என்று முடித்துவிட முடியாது. அவர் சேர்ந்தது ஓய்வூதியத்தோடு கூடிய பழைய ராணுவ வேலையில். 2022க்குப் பிறகு சாதாரணச் சிப்பாயாகச் சேரும் பையன் அக்னிவீர். நான்கு வருடம், முதல் வருடம் மாதம் 30,000 ரூபாய், நான்காம் வருடம் 40,000. முடிவில் சேவா நிதி என்று ஒரு மொத்தத் தொகை. திட்டத்தை அறிவித்தபோது ஏறக்குறைய 11.7 லட்சம் என்றார்கள். அதிகபட்சம் 25 விழுக்காட்டினரே நிரந்தரமாவார்கள். பதினேழரை வயதில் உள்ளே போனால் இருபத்தொன்றரையில் வெளியே. நெடுந்தூர ஓட்டக்காரனின் உடல் பக்குவமாகத் தொடங்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நிற்பான். பதினொரு லட்சம் பாலக்கோட்டுப் பக்கத்து மானாவாரிக் குடும்பம் ஒரே தொகையாகப் பார்த்திராத பணம். அதைக் கேவலமாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் அது தரை அல்ல. நான்கு வருடக் குத்தகை.

ராணுவத்துக்குள் போக வேறு வாசலும் இருக்கிறது. தேசிய, சர்வதேச அளவில் பதக்கம் வாங்கியவர்களை விளையாட்டுப் பிரிவில் நேரடியாக ஹவில்தாராகவோ நாயிப் சுபேதாராகவோ எடுக்கிறார்கள். சிறுவயதிலேயே பிடித்துக்கொள்ளும் பாய்ஸ் ஸ்போர்ட்ஸ் கம்பெனிகளும் உண்டு. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டும், தம்பிகள் என்று பெயரெடுத்த மெட்ராஸ் சாப்பர்களின் பெங்களூர் மையமும் நடத்துகின்றன. பிளஸ் டூ முடித்தவனுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. மிச்சமிருப்பது பதக்க வாசல். பதக்கத்துக்கு எங்கே போவான்? இங்கேதான் கல்லூரி வருகிறது.

ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பை எடுத்துப் படித்தால் பாதி விவாதம் தீர்ந்துவிடும். வயது 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. பத்தாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ இருந்தால் லெவல் 1, அடிப்படைச் சம்பளம் 18,000. பன்னிரண்டாம் வகுப்புக்கு லெவல் 2 அல்லது 3. பட்டம் இருந்தால்தான் லெவல் 4, 5. அதாவது 25,500, 29,200. இந்த மேல்படிக்கு ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு அளவிலான சாதனையும் கேட்பார்கள் என்பதால் வெறும் பட்டம் போதாது. ஆனால் நடுப்படிக்குக் கேட்கும் சாதனைகளில் ஒன்று, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் அகில இந்தியப் போட்டியில் முதல் மூன்று இடம். அந்தப் போட்டியில் ஓட மாணவனாக இருக்க வேண்டும். வாத்தியார் "யுனிவர்சிட்டி மெடல்" என்று சொன்னதன் அர்த்தம் இதுதான். அப்பா அதைக் கவுரவம் என்று புரிந்துகொண்டார். வாத்தியார் சொன்னது வேலை விண்ணப்பத்தை.

கல்லூரியின் கெட்ட பக்கத்தை வாத்தியார்கள் சொல்வதில்லை. தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியோ, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைந்த வேறு கல்லூரியோ, சென்னையில் இலவச விடுதி தரும் தனியார் கல்லூரியோ, ஓட்டக்காரனை எடுக்கும் எந்த இடத்துக்கும் அவன் புள்ளி. கல்லூரிகளுக்கிடையிலான தடகளப் போட்டியில் ஒட்டுமொத்தச் சாம்பியன் கோப்பை வேண்டும். அதனால் காலையில் 10000 மீட்டர், மறுநாள் 1500, மூன்றாம் நாள் 5000 என்று பெயர் கொடுப்பார்கள். ஆள் குறைந்தால் ரிலேயிலும் சேர்ப்பார்கள். ஒரு மாதம் கழித்துக் குறுக்குவெளி. பிறகு முதலமைச்சர் கோப்பை. அதன் மாநிலப் போட்டியில் தனிநபர் தங்கத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுக்கும்போது யார்தான் வேண்டாமென்பார்? இடையில் செமஸ்டர், வருகைப் பதிவு. களியும் கீரையும் தின்று வளர்ந்த உடம்பு விடுதி மெஸ்ஸின் சோறு சாம்பாரில் வாரம் 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். நல்ல ஓட்டக் காலணி ஒன்று 700, 800 கிலோமீட்டரில் அடி செத்துவிடும்; இந்தக் கணக்குக்கு இரண்டு மாதம் வரும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். நான்கைந்து மாதத்துப் பணம் ஒரு ஜோடிக்குப் போகும். பல பையன்கள் தேய்ந்ததையே போட்டு ஓடி, கணைக்கால் எலும்பில் வலியோடு இரண்டாம் வருடத்தில் காணாமல் போவது இப்படித்தான்.

பதக்கமே வேலை என்று ஆகிவிட்டால் வேறு ஒரு நோயும் வரும். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலப் போட்டிக்கு ஊக்கமருந்துச் சோதனையாளர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், 100 மீட்டர் இறுதியில் ஒரே ஒருவர் மட்டும் ஓடினார். ஜூனியர் பெண்கள் தடைதாண்டும் ஓட்டத்தில் வென்ற பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார். சோதனை அலுவலர் பின்னால் ஓட வேண்டியிருந்தது. சிரிப்பு வந்தது எல்லோருக்கும். அந்தப் பெண்ணின் தலைக்கு மேல் எத்தனை பேரின் எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்று யோசித்தவர்கள் குறைவு.

சிலர் சொல்லும் மூன்றாவது வழி ஒன்றுண்டு: பெங்களூர், ஓசூர், கோவை என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் நடக்கும் 10 கிலோமீட்டர் ஓட்டங்களில் பரிசுப் பணம் அள்ளுவது. பாலக்கோட்டில் ரயில் ஏறினால் பெங்களூர் எளிது. பெரிய பணம் இருக்கும் டாடா மும்பை மாரத்தானில் முதல் வரும் இந்தியருக்கு ஐந்து லட்சம். அதை 2020, 2024 இரண்டு முறையும் வாங்கிய ஸ்ரீனு புகதா ராணுவ வீரர். சிறு பணத்துக்குப் பதினெட்டு வயதில் வாராவாரம் ரோட்டில் ஓடுவது விதைநெல்லைத் தின்பது. மேலே பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டுக் கல்லூரியைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து டெல்லியில் வளர்ந்த தேஜஸ்வின் சங்கர் 2017இல் கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகம் போனார். ஓட்டக்காரரல்ல, உயரம் தாண்டுபவர். ஆனால் கல்லூரி வழியை முழுக்க நடந்து பார்த்தவர். 2018, 2022 இரண்டு முறை அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் முதலிடம். அதே 2022இல், அந்தக் கல்லூரிப் போட்டிக்காக அங்கே இருந்தவர் இங்கே நடந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டிக்கு வரவில்லை என்று காமன்வெல்த் அணியில் அவரை விட்டுவிட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசி நேரத்தில் விமானம் ஏறி, வெண்கலத்தோடு வந்தார். அந்தக் கல்வி உதவித்தொகைக்கு ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் பட்டியல், எழுதிக் கேட்கத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். பாலக்கோட்டு அரசுப் பள்ளிப் பையனுக்கு அந்தக் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பெண் பிள்ளைக்கு இந்த ஒப்பீடே வேறு. அக்னிவீர் திட்டத்தில் ராணுவத்தில் பெண்களுக்கு இருப்பது ராணுவப் போலீஸ் பிரிவு மட்டும், இடங்களும் குறைவு. ஆகவே தரை என்று நான் சொன்னது அவளுக்கு முதலிலேயே பாதி இல்லை. வீட்டிலோ பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே ஜாதகம் வெளியே வரும் வட்டாரம் இது. கல்லூரியில் பெயர் இருந்தால் "படிக்கிற பொண்ணு" என்று மூன்று வருடம் தள்ளலாம். அந்த மூன்று வருடம் எந்தப் பயிற்சியாளராலும் வாங்கித் தர முடியாதது. புதுமைப் பெண் திட்டத்தின் 1000 ரூபாயும் அதற்குத் துணை. அவசரமாகத் தொழிலில் இறங்கிய சிறுமிகளின் கதை வெளியிலும் நல்லதாக இல்லை. அமெரிக்காவின் மேரி கேன் 2013இல் பதினேழு வயதில் நைக்கியின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மாதவிடாய் நின்று, எலும்புகள் முறிந்ததை 2019இல் வெளியே சொன்னார். கல்லூரி மாணவியாக ஓடிக்கொண்டே மேலே வர முடியும் என்பதற்கு 2025 உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் வெள்ளி வாங்கிய உத்தராகண்டின் அங்கிதா தியானி இருக்கிறார். பெண்ணுக்குக் கல்லூரிதான். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

பையனுக்கு? வீட்டில் கந்துவட்டி ஏறிக்கொண்டிருந்தால், தங்கைக்குத் தாலி வாங்க வேண்டியிருந்தால், அக்னிவீரோ போலீஸோ எது முதலில் வருகிறதோ அதில் சேரட்டும். காவலர் தேர்வில் 1500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடினால் போதும். விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. அப்படிச் சேர்பவனைப் பார்த்துத் திறமையை வீணடித்தான் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். அந்த நெருக்கடி இல்லாத வீடென்றால் நான் வாத்தியார் பக்கம். ஆனால் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அப்பா கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் மூன்று விஷயம் கேட்டுவிட வேண்டும். ஒரு போட்டியில் என் பையனை எத்தனை ஓட்டத்தில் இறக்குவீர்கள்? இரண்டுக்கு மேல் என்றால் வேறு கல்லூரி பார்க்கலாம். காலில் அடிபட்டால் எம்.ஆர்.ஐ. செலவு யாருடையது? அடிபட்டு ஒரு வருடம் ஓடாவிட்டால் விடுதி அறை இருக்குமா? மூன்றாவது கேள்விக்கு அவர் சற்றுத் தயங்கினாலும், அந்தக் கல்லூரி தரும் இலவசம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

கையெழுத்துக்குப் பிறகும் ஒரு கணக்கு இருக்கிறது. பதினெட்டில் சேர்ந்தவன் இருபத்தொன்றில் பட்டம் முடிப்பான். ரயில்வே வயது வரம்புக்கு இன்னும் நான்கு வருடம். அகில இந்தியப் பதக்கம் இரண்டாம் வருடமே வந்துவிட்டால், பட்டத்துக்குக் காத்திராமல் விண்ணப்பித்துவிட்டு, மீதிப் படிப்பைத் தொலைநிலைக் கல்வியில் முடிக்கலாம். மூன்று வருடத்திலும் வரவில்லையென்றால், பையன் நாலரை நிமிடக்காரன்தானே தவிர அதற்கு மேல் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அப்போதும் கையில் ஒரு டிகிரி இருக்கும், போலீஸ் தேர்வுக்கு வயது இருக்கும்.